தறி நிற்கும் அறை

நெசவாளருக்கு வீடே தொழிற்சாலை. ஆயினும் வீடு கட்டும்போது அடுப்புக்கும் பூசைக்கும் இடம் குறிக்கும் நாம், தறிக்கு எஞ்சிய இருண்ட மூலையையே ஒதுக்குகிறோம். 80ஆம் எண் நூலில் அறுந்த இழையை அரையிருளில் தேடினால் கண் களைக்கும். துணியிலும் குறை விழும். குறை விழுந்த துணிக்குக் கூலியும் குறையும்.

சன்னல் தறிக்குப் பக்கவாட்டில் அமைதல் நன்று. நேர் எதிரே இருப்பின் கண் கூசும். முதுகுப்புறம் இருப்பின் நெய்பவர் நிழலே ஊடையை மறைக்கும். மாலையில் விளக்கைக் கூரையோடு ஒட்டாது, பாவின்மேல் ஒளி விழுமாறு இறக்கி மாட்டுக. தமிழ்நாட்டில் கைத்தறிக்குக் கட்டணமில்லா மின்சாரம் 2023ஆம் ஆண்டில் இரு மாதங்களுக்கு 300 அலகாக உயர்த்தப்பட்டது. எனவே விளக்கில் சிக்கனம் வேண்டா.

இருக்கைப் பலகை தாழ்ந்திருந்தால் தோள் நோகும். மிக உயர்ந்திருந்தால் முதுகு வளையும். முழங்கை படைமரத்திற்குச் சற்று மேலே நிற்பதே சரியான உயரம். கணவனும் மனைவியும் மாறி மாறி நெய்யும் வீடுகளில் ஒரே உயரம் இருவருக்கும் பொருந்துவது அரிது. குள்ளமானவர் அமரும்போது சாக்கை மடித்துப் பலகைமேல் இட்டாலே போதும். இதற்குக் காசும் செலவில்லை.

குழியின் ஈரம் நூல் அறுவதைக் குறைக்கும் என்பது உண்மையே. அதற்காக மழைக்காலத்தில் நீர் ஊறும் குழியில் நாள் முழுதும் காலை வைத்திருத்தல் தகாது. சுவருக்குச் சிமெண்டு பூசி, அடியில் கல் பாவுவோம்.

தார்ப்பெட்டியும் கத்தரியும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சங்கத்தின் நூல் வரவுப் புத்தகம், எண்ணெய்க் கை படாத மாடத்தில்.