உலக்கைப் பாட்டும் வயலினும்

மேலூர்ப் பக்கத்துத் திருவாதவூர்தான் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அவருடைய திருவாசகத்தில் 51 பதிகங்கள். அதிலிருந்து சில பகுதிகளை எடுத்து ஆறு பாடல்களாக்கி, ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வாசிக்க வைத்து, 2005-இல் வெளியிட்டார் நம்ம பண்ணைப்புரத்து இளையராஜா.

ஓதுவார் தருமபுரம் சுவாமிநாதன் குரலில் திருவாசகம் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் திகைப்புதான். ஓதுவார் பாடினால் சொல் தனியாக வந்து விழும். இங்கேயோ வயலின்கள் அலையாக எழுந்து சொல்லையே தூக்கிக்கொண்டு போகின்றன. நடுவில் ஆங்கில வரிகள் வேறு!

ராஜாவின் ஆறு பாடல்களில் ஒன்றான திருப்பொற்சுண்ணம், பெண்கள் உலக்கை பிடித்து வாசனைப்பொடி இடித்தபடி பாடும் பாட்டு. ஓதுவார் குரலில் ஒருமுறை, ராஜா இசையில் ஒருமுறை கேளுங்கள். சொல்லுக்கு ஓதுவார், உலக்கைக்கு ராஜா. இது என் கட்சி. உங்கள் கட்சி?