மூன்று ரவுடிகளுக்கு மேல் இடமில்லை

நகரத்தின் மேயர் சட்டையில்லாமல் தெருவில் இறங்கி ரவுடிகளைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் குத்துகிறார். மகளைக் கடத்திவிட்டார்கள், போலீஸை நம்பிப் பயனில்லை. 1989-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபைட்’ என்ற, கடையில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டின் கதை இவ்வளவுதான். முன்னாள் மல்யுத்த வீரரான மேயர் ஹேகர், மகளின் காதலன் கோடி, நிஞ்ஜா கலை தெரிந்த கை என்ற மூன்று பேரில் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, இடமிருந்து வலமாக அடித்துக்கொண்டே போகவேண்டும். பக்கத்தில் நண்பன் இருந்தால் அவனும் காசு போட்டுச் சேர்ந்துகொள்ளலாம்.

கதை சாதாரணம். ஆனால் சண்டை அப்படியில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். ஒருவனைப் பிடித்து மற்றவர்கள் மேல் எறிந்தால் கூட்டமாக விழுவார்கள். யாரை முதலில் பிடிப்பது, எந்தப் பக்கம் எறிவது என்பதில்தான் ஆட்டக்காரரின் திறமை. தெருவில் ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் நின்றால்தான் அந்த எறிதலுக்கு அர்த்தம் உண்டு.

இந்த விளையாட்டை நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் என்ற வீட்டுக் கன்சோலுக்குக் கொண்டுவந்தார்கள். ஜப்பானில் அந்த இயந்திரம் விற்பனைக்கு வந்தது 1990 நவம்பர் 21. விளையாட்டு சரியாக ஒரு மாதம் கழித்து டிசம்பர் 21. வெளிநாடுகளில் சூப்பர் நின்டெண்டோ என்று அறியப்பட்ட கன்சோல் இதுதான். விளையாட்டு அடங்கிய காட்ரிட்ஜை ஆவலோடு செருகியவர்களுக்கு மூன்று ஏமாற்றங்கள் காத்திருந்தன: நிஞ்ஜாவைக் காணோம், இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியாது, தொழிற்சாலைப் பகுதியில் நடக்கும் ஒரு கட்டம் முழுவதுமாக இல்லை.

எல்லோரும் இதற்குச் சொல்லும் காரணம் காட்ரிட்ஜின் கொள்ளளவு. அது உண்மைதான். காட்ரிட்ஜில் இருந்தது 8 மெகாபிட், அதாவது 1 மெகாபைட். ஆர்கேட் பலகையிலோ படங்களுக்கு மட்டுமே 2 மெகாபைட் ஒதுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடை, குத்து, உதை, பிடி, வீச்சு, விழுதல், எழுதல் என்று தனித்தனிப் படங்கள் வேண்டும். அவற்றைச் சிக்கனப்படுத்த ஆர்கேடிலேயே ஒரு வழி வைத்திருந்தார்கள்: ஒரே உடலுக்குச் சட்டை நிறத்தை மாற்றினால் இன்னொரு ரவுடி பிறந்துவிடுவான். கதாநாயகனிடம் அந்த வித்தை பலிக்காது. அதனால் ஒரு நாயகனையே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் கொள்ளளவு பாதிக் காரணம்தான். பெரிய காட்ரிட்ஜ் கொடுத்திருந்தாலும் அந்த ஏழெட்டுப் பேரைத் தெருவில் நிறுத்தியிருக்க முடியாது. காரணம் கன்சோல் படம் வரையும் விதம்.

அந்தக் காலத்து இயந்திரங்களில் நகரும் உருவங்களை ஸ்பிரைட் என்பார்கள். பின்னணிப் படத்தின் மேல் ஒட்டி நகர்த்தும் சிறு துண்டுகள் அவை. ஹேகரைப் போன்ற ஓர் ஆள் பல துண்டுகள் சேர்ந்த உருவம். சூப்பர் நின்டெண்டோ மொத்தம் 128 துண்டுகளைக் காட்டும். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் திரை மேலிருந்து கீழாக ஒவ்வொரு கிடைக்கோடாக வரையப்படுகிறது. ஒரு கோட்டை வரைய இயந்திரத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் அது எட்டு பிக்சல் அகலமுள்ள 34 ஸ்பிரைட் பட்டைகளை மட்டுமே எடுக்க முடியும். அதாவது 272 பிக்சல். அதற்கு மேல் வருவது அந்தக் கோட்டில் வரையப்படாது. கை, கால் மறைந்து மறைந்து தோன்றும்.

விமானங்களைச் சுடும் விளையாட்டில் இது பெரிய தொல்லையில்லை. விமானங்கள் திரை முழுக்கச் சிதறிப் பறக்கும். தெருச்சண்டையில் எல்லோரும் ஒரே தரையில் நிற்கிறார்கள். அத்தனை பேரின் இடுப்பும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வந்துவிடும். ஓர் ஆள் 65 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டால் நான்கு பேருக்கு 260. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது: ஆட்டக்காரர் ஒருவர், எதிரிகள் மூவர். வீட்டுப் பதிப்பில் ஒரே நேரத்தில் வருகிற எதிரிகளின் உச்சவரம்பும் மூன்றுதான். இரண்டாவது ஆட்டக்காரர் வந்தால் எதிரிகளுக்கு எங்கே இடம்?

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. அசைவு மாறும்போதெல்லாம் புதிய படத்தைக் காட்ரிட்ஜிலிருந்து பட நினைவகத்துக்கு மாற்றவேண்டும். திரை வரையப்படாத சிறு இடைவெளியில்தான் அதைச் செய்ய முடியும். அப்படி ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரை ஒருமுறை வரையப்படுவதற்கு, மாற்றக்கூடியது ஏறத்தாழ 6 கிலோபைட். திரை உயரத்தில் பாதியளவு நிற்கும் ஓர் ஆளின் ஒரே ஒரு நிலைக்கே 3 கிலோபைட் வேண்டியிருக்கும்.

அமெரிக்கப் பதிப்பில் வேறு வகைக் கத்தரியும் விழுந்தது. பாய்சன், ராக்ஸி என்ற பெண் எதிரிகளுக்குப் பதிலாக பில்லி, சிட் என்று இரண்டு ஆண்கள் வந்தார்கள். சோடம் என்ற வில்லனின் பெயர் கட்டானா ஆனது. இதற்கும் இயந்திரத்துக்கும் சம்பந்தமில்லை.

பிறகு வந்த பதிப்புகள் ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்தன. 1992-இல் ஜப்பானில் ‘ஃபைனல் ஃபைட் கை’ வந்தது; நிஞ்ஜா திரும்பினார், கோடி வெளியேறினார், இருவர் ஆட்டம் அப்போதும் இல்லை. 1993-இல் சேகா நிறுவனத்தின் கன்சோலுக்கு வந்த குறுந்தகட்டுப் பதிப்பு மூன்று நாயகர்களையும், இருவர் ஆட்டத்தையும், விடுபட்ட தொழிற்சாலைக் கட்டத்தையும் மீட்டது. ஆனால் சேகாவின் இயந்திரம் ஒரே நேரத்தில் 64 வண்ணங்களோடு நின்றுவிடும். அந்தத் தெரு கொஞ்சம் வெளுத்தே காணப்படும். இதற்கிடையே, 1991-இல், சேகா தன் மெகா டிரைவ் கன்சோலுக்கென்றே ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்’ விளையாட்டை உருவாக்கியிருந்தது. ஆட்களைச் சிறியதாக வரைந்துவிட்டார்கள். இருவர் ஆட்டமும் எதிரிக் கூட்டமும் தாராளமாகக் கிடைத்தன. பெரிய உருவங்களை விட மனமில்லாத கேப்காமை விட இது கெட்டிக்காரத்தனம் என்பேன்.

நிஞ்ஜா இல்லாததைப் பற்றித்தான் பலரும் புலம்பினார்கள். என்னைக் கேட்டால் உண்மையான இழப்பு கூட்டம்தான். மூன்று பேர் நிற்கும் தெருவில் ஒருவனைத் தூக்கி எறிந்தால் விழுவதற்கு மிச்சம் இரண்டு பேர். ஆனாலும் புதிய கன்சோல் கடைக்கு வந்த ஒரே மாதத்தில், ஹேகரை அதே கம்பீரத்தோடு வீட்டுத் தொலைக்காட்சியில் நடக்கவிட்டது சின்ன வேலையில்லை.

ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 2018-இல் கேப்காம் வெளியிட்ட ஏழு விளையாட்டுகளின் தொகுப்பில் இதன் ஆர்கேட் மூலம் அப்படியே கிடைக்கிறது. துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு ஆடுங்கள்.