பதினொரு கால் கிலோ... மொத்தம் எத்தனை கிலோ?

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டுப் பால்கோவா வாங்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. ஆண்டாள் கோயிலைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், கால் கிலோ, அரை கிலோ என்று பொட்டலங்கள் அடுக்கிய கடைகள் கூப்பிடும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டமாயிற்றே! பக்கத்து வீட்டுக்கு ஒன்று, ஆபீஸுக்கு மூன்று, சம்பந்தி வீட்டுக்கு இரண்டு என்று கணக்குப் போட்டுக் கடைசியில் கால் கிலோ பொட்டலம் 11 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எத்தனை கிலோ?

"ரெண்டே முக்கால்" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். நாலு பொட்டலம் ஒரு கிலோ, எட்டு பொட்டலம் ரெண்டு கிலோ, மிச்சம் மூணு. பேனாவும் வேண்டாம், காகிதமும் வேண்டாம்.

இதே கணக்கு பிள்ளையின் நோட்டில் வேறு வேஷத்தில் வரும். '11/4 என்ற தகா பின்னத்தைக் கலப்பு பின்னமாக மாற்றுக.' அவ்வளவுதான், பிள்ளை பென்சிலைக் கடிக்க ஆரம்பித்துவிடும். 11-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 3. எதை எங்கே எழுதுவது என்று குழம்பி, 3 2/4 என்று எழுதிவைக்கும் பிள்ளைகள் நிறைய. பொட்டலக் கணக்காகக் கேட்டால் அதே பிள்ளை சரியாகச் சொல்லும். ஆனால் நோட்டில் விழுந்த தப்பைப் பார்த்து, 'எனக்குக் கணக்கு வராது' என்று முடிவுகட்டிவிடும். பத்துப் பதினோரு வயதில் எடுக்கும் அந்த முடிவு, பத்தாம் வகுப்பு வரைக்கும் கூடவே வரும்.

தமிழில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பயம் வர நியாயமே இல்லை. நம் பேச்சே கலப்பு பின்னம்தான். 'பதினொன்று கீழ் நான்கு கிலோ கொடுங்க' என்று எந்தக் கடையிலும் யாரும் கேட்பதில்லை. ஒண்ணேகால், ஒன்றரை, இரண்டேமுக்கால் என்றுதான் வாயில் வருகிறது. முழு எண்ணையும் பின்னத்தையும் சேர்த்துக் கட்டும் அந்தச் சின்ன 'ஏ'யைக் கவனியுங்கள். புத்தகத்தில் 2-க்கும் 3/4-க்கும் நடுவே எழுதாமல் விட்டிருக்கும் கூட்டல் குறி அதுதான். இரண்டு, அதோடு முக்கால்.

14 பொட்டலம் என்றால்? நோட்டில் 3 2/4 என்று எழுதி, பிறகு சுருக்கி 3 1/2 ஆக்க வேண்டும். பேச்சில் அந்த வேலையும் மிச்சம். 'மூணே ரெண்டு கால்' என்று யார் சொல்கிறார்கள்? நேராக மூன்றரைதான்.

பாட்டிகள் காலத்தில் இது இன்னும் சுலபம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. 11 உழக்கு அரிசியை அளந்து கொட்டினால் இரண்டு படி போக மூன்று உழக்கு நிற்கும். அதுவும் இரண்டேமுக்கால் படிதான். ரூபாய்க்கு 16 அணா இருந்தபோதும் அப்படியே. 37 அணா என்றால் இரண்டு ரூபாய் ஐந்து அணா, அதாவது 2 5/16. 1957 ஏப்ரல் 1-ல் ரூபாய்க்கு 100 காசு என்று மாறியது; அதற்குப் பின்னால் கிலோவும் லிட்டரும் வந்தன. கூடவே வீட்டில் நடந்த பின்னப் பயிற்சியும் மெல்ல நின்றுபோனது. 'வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது' என்று இன்றைக்கும் சொல்கிறோம். வீசம் என்றால் 1/16. முக்காலோடு மூன்று வீசத்தைக் கூட்டிப் பாருங்கள், 15/16 வரும். இன்னும் ஒரு வீசம்தான் பாக்கி!

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழில் தனிப்பெயர் உள்ள கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி எல்லாம் இரண்டாலும் ஐந்தாலும் பிரிப்பதால் வருபவை. முந்திரி என்பது 1/320. மூன்றில் ஒன்றுக்கோ ஏழில் ஒன்றுக்கோ அப்படி ஒற்றைச் சொல் வழக்கில் இல்லை. 17/7 என்று கேட்டால் நாக்கு உதவிக்கு வராது. வகுத்துத்தான் ஆக வேண்டும்.

அந்த ஏழைப் பார்க்க, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்துக்குப் போகலாம். நூற்பாலைகளின் ஊர். பருத்தி நூலை அளக்க ஆலைகளில் ஒரு பழைய கணக்கு உண்டு. 120 கஜம் நூல் ஒரு 'லீ'. ஏழு லீ, அதாவது 840 கஜம், ஒரு 'ஹாங்க்'. ஒரு பவுண்டு எடைக்கு இப்படி 40 ஹாங்க் நூல் வந்தால் அது நாற்பதாம் நம்பர் நூல்.

சரி, கையில் 17 லீ நூல் இருந்தால் எத்தனை ஹாங்க்? ஏழு லீ ஒன்று, பதினான்கு லீ இரண்டு, மிச்சம் மூன்று லீ. அந்த மூன்றும் 'ஏழில் மூன்று' என்பதை மறக்கக் கூடாது. நூலை எப்படி அடுக்கினாலும் ஒரு லீ என்பது ஹாங்கில் ஏழில் ஒரு பங்குதான். அதனால்தான் 2 3/7 என்று எழுதும்போது கீழே உள்ள 7 மாறாமல் நிற்கிறது. பிள்ளை தடுமாறும் இடமும் இதுதான். 'கீழே என்ன எழுதணும்?' என்று கேட்டால், 'மிச்சம் இருக்கிற ஒவ்வொண்ணும் எத்தனையில் ஒரு பங்கு கண்ணு?' என்று திருப்பிக் கேளுங்கள். விடை சரிதானா என்று பார்க்க, இரண்டு ஏழு 14, அதோடு 3, மொத்தம் 17.

'தகா பின்னம்' என்ற பெயரில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஏதோ தகாத காரியம் செய்துவிட்ட மாதிரி! உண்மையில், பெருக்கவும் வகுக்கவும் இதைவிடக் கைக்கு அடக்கமான வடிவம் கிடையாது. ஆலையில் நூலைச் சோதிக்க ஒரு சுழல் சட்டத்தில் சுற்றி எடுப்பார்கள். ஒரு சுற்றுக்கு ஒன்றரை கஜம். 120 கஜம் எடுக்க எத்தனை சுற்று வேண்டும்? 120-ஐ 1½-ஆல் வகுக்க மனம் தயங்கும். ஒன்றரையை 3/2 ஆக்குங்கள், அதாவது மூன்று அரைக் கஜம். 120 கஜத்தில் 240 அரைக் கஜம். 240-ஐ 3-ஆல் வகுத்தால் 80 சுற்று. கடையில் சொல்லக் கலப்பு பின்னம், கணக்குப் போடத் தகா பின்னம். அதனால்தான் இரண்டு பக்கமும் மாற்றச் சொல்லிக் கேட்கிறார்கள்.

இதில் செல்போன்காரர்களுக்கும் ஒரு சங்கதி இருக்கிறது. விசேஷத்துக்குப் பால்கோவா ஆர்டரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். 2 3/4 கிலோ என்று டைப் செய்யும்போது நடுவில் இடைவெளி விடவில்லை என்றால் அது 23/4 ஆகிவிடும். 23-ல் ஐந்து நான்கு, மிச்சம் மூன்று. ஐந்தேமுக்கால் கிலோ! ஓர் இடைவெளிக்கு மூன்று கிலோ வித்தியாசம். '2,750 கிராம்' என்றோ, 'இரண்டேமுக்கால் கிலோ' என்றோ எழுத்தில் போட்டுவிடுங்கள்.