காதின் கணக்கை யார் திருத்துவது?

தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு காலத்தில் பால்மரம். இன்று பெரும்பாலும் செம்பனை. செம்பனை ஆலைக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும், கொட்டை உடைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர் பேசமாட்டார், கையைத்தான் காட்டுவார். பேசினாலும் யார் காதிலும் விழாது.

அந்த இரைச்சல் போய்ச் சேரும் இடம் மிக நுட்பமானது. உட்காதில் இரண்டரைச் சுற்றாகச் சுருண்டிருக்கும் குழலை நீட்டி விரித்தால் 35 மில்லிமீட்டர்தான் வரும். அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்க்கலங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. நமக்குக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்குச் செவிப்பறை அசையும் தூரம் ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. அதையும் இந்தக் கலங்கள் மூளைக்குச் சொல்லிவிடும். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நுண்மயிர்க் கற்றை. ஒலி வந்ததும் அது காற்றடித்த லாலான் புல்லாகச் சாயும். சாய்ந்த கணமே மின்குறிப்பு பிறந்துவிடும். பறவைகளுக்கு இந்தக் கலங்கள் அழிந்தாலும் மறுபடி முளைக்கும். நமக்கு முளைக்காது.

பெரும் இரைச்சலில் இருந்துவிட்டு வந்தால் காது அடைத்துக்கொண்டு ரீங்கரிக்கும். மறுநாள் சரியாகிவிடும். சரியாகிவிட்டால் சேதமில்லை என்றே பாடநூல்களும் நெடுங்காலம் சொல்லி வந்தன. 2009-இல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டது வேறு. கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும், உயர்சுருதிப் பகுதியில் மயிர்க்கலத்தையும் செவி நரம்பையும் சேர்க்கும் இணைப்புகளில் பாதியளவு அழிந்து போயிருந்தன. வழக்கமான செவிப் பரிசோதனையில் இந்தச் சேதம் தெரிவதில்லை.

காதைப் பற்றி நாம் அறிந்தது இப்படித்தான் மாறிக்கொண்டே இருக்கிறது, எண்களும் மாறுகின்றன. இயல்பான செவித்திறனின் எல்லையை உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் 25 டெசிபெலிலிருந்து 20-க்குக் குறைத்தது. மலேசியத் தொழிற்சாலைகளில் 8 மணி நேர வேலைக்கான உச்சவரம்பு 1989 விதிகளின்படி 90 டெசிபெல். 2019 ஜூனில் நடப்புக்கு வந்த விதிகள் அதை 85 ஆக்கின. ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் 3 டெசிபெல் கூடினாலே ஒலி ஆற்றல் இரட்டிப்பாகும். 85-இல் 8 மணி நேரம் தாங்கலாம் என்றால் 88-இல் 4 மணி நேரம்தான், 100-இல் கால் மணி நேரம்தான்.

இரவில் காது ரீங்கரித்தால் தோட்டத்துப் பிள்ளைகளும் கைப்பேசியில் விக்கிப்பீடியாவைத்தான் தேடுகிறார்கள். அங்கே பழைய 90 இருந்தால், தன் ஆலையில் 88 என்று தெரிந்த தொழிலாளி நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். யாரும் பொய் எழுதவில்லை. ஒரு காலத்து உண்மை திருத்தப்படாமல் கிடக்கிறது, அவ்வளவுதான். எனக்கு இதுவே பொய்யைவிடக் கவலையாக இருக்கிறது; பொய் என்றால் யாராவது சண்டைக்காவது வருவார்கள்.

இதை உணர்ந்து இறங்கியவர் செவியியல் ஆய்வாளர் தாயிஸ் மொராட்டா. அமெரிக்காவின் தேசியத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். மார்ச் 3 உலகச் செவிப்புலன் தினம். அதையொட்டி 2019 முதல், செவியியல் வல்லுநர்களும் மாணவர்களும் விக்கிப்பீடியாவின் காது பற்றிய கட்டுரைகளைப் படித்து, பிழை நீக்கி, சான்று சேர்த்து, பிற மொழிகளில் பெயர்க்கும் இயக்கத்தை அவர் முன்னெடுத்தார். பிரேசில் பல்கலைக்கழகங்களில் இது வகுப்பு வேலையாகவே நடந்திருக்கிறது. மருத்துவக் கட்டுரைகளுக்கு விக்கிப்பீடியா கேட்கும் சான்று கடுமையானது. ஒற்றை ஆய்வு போதாது, பல ஆய்வுகளைச் சீர்தூக்கிய மதிப்பாய்வு வேண்டும். அதைத் தேடி எடுத்துப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் துறை அறிந்தவர் வேண்டியிருக்கிறது.

ஆனால் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் திருந்தினால் தமிழ்ப் பக்கம் தானாகத் திருந்தாது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது, எல்லாம் தன்னார்வலர்களின் உழைப்பு. நம் பேராக்கின் ஊர்களைப் பற்றி எழுத மலாக்கா முத்துகிருஷ்ணன் போன்றவர்கள் கிடைத்தார்கள். காதுக்கும் அப்படி ஆட்கள் வேண்டும்.

ஈப்போவிலும் தெலுக் இந்தானிலும் தினமும் காது பரிசோதிக்கும் தமிழ் அறிந்த செவியியலாளர்களே, காது மூக்குத் தொண்டை மருத்துவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். அடுத்த மார்ச் 3-க்குள் ஒரே ஒரு தமிழ்க் கட்டுரையைத் திறந்து, அதிலுள்ள எண்களைச் சரிபாருங்கள். பழசாக இருந்தால் சான்றோடு மாற்றிவிடுங்கள்.