தோட்டத்துப் பிள்ளை வளரவில்லையா? லயத்தார் சேர்ந்தால் வழி உண்டு



பிள்ளை வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை என்றால், "அப்பன் குள்ளம், புள்ளையும் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். இது சரியா என்று சற்று யோசிப்போம்.

2016ஆம் ஆண்டு அரசாங்கம் நடத்திய குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த தோட்டத்துப் பிள்ளைகளில் 100க்குச் சுமார் 32 பேர் உயரம் குறைந்தவர்கள். நகரத்தில் சுமார் 15 பேர். கிராமத்தில் 17 பேர். ஆனால் 2006-07 ஆய்வில் தோட்டத்தில் இது 40 ஆக இருந்தது. பரம்பரை மட்டும்தான் காரணம் என்றால் பத்து வருடத்தில் குறைந்திருக்குமா? ஆகவே இது மாற்றக்கூடிய குறைதான்.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது?

1926இல் களுத்துறையில் நாட்டின் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. மருத்துவமாது வீடு தேடிப்போகும் முறை அப்படிக் கிராமங்களுக்குப் பரவியது. தோட்டத்து வைத்தியமோ 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே நெடுங்காலம் இருந்தது. அரச சுகாதார சேவை நம் லயங்களுக்குப் பிந்தித்தான் வந்தது.

இன்னொரு காரணம் தூரம். ஹல்துமுல்லை, கொஸ்லந்தைப் பக்கம் லயம் மலையில், கிளினிக் கீழே. போய்வர அரை நாள் போகும். "பேரு போச்சுன்னா அரிசிக்கு என்ன செய்றது?" என்று ஒரு தாய் கேட்பது நியாயமே. ஒருத்தி தனியாகக் கேட்டால் எடுபடாது. லயமே சேர்ந்து கேட்டால் எடுபடும். மக்களே தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதில் பங்குகொள்ள வேண்டும் என்று 1978இல் அல்மா-அத்தா மகாநாட்டில் உலக நாடுகளும் ஒப்புக்கொண்டன.

தாய்மார் குழு என்ன செய்யலாம்?

மருத்துவமாதுவின் உதவியோடு லயத்துக்கு லயம் தாய்மார் ஆதரவுக் குழு அமைக்கலாம். மாமியார்மாரும் ஆண்களும் கூட வரவேண்டும்.

1. நிறை பார்க்கும் நாளையும் இடத்தையும் நிர்வாகத்தோடும் மருத்துவமாதுவோடும் பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளைக் காம்பராவில் வைத்தால் கொழுந்துக்குப் போகும் தாய்க்கு வசதி. வளர்ச்சிப் பதிவேட்டில் கோடு மேலே ஏறாமல் நின்றால் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

2. கருவுற்ற நாள் முதல் பிள்ளைக்கு இரண்டு வயது வரையிலான ஆயிரம் நாட்கள் மிக முக்கியம். அதில் விட்ட உயரத்தைப் பின்னர் பிடிப்பது கஷ்டம். கிளினிக்கில் தரும் திரிபோஷா அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது. வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடக் கூடாது.

3. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். தேயிலை பறிக்கும் நமக்கே இது தெரியாமல் இருக்கலாமா?

4. அடிக்கடி வயிற்றோட்டம் வந்தால் தின்ற சாப்பாடும் உடம்பில் ஒட்டாது. பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பீலிக்கு மேலே அசுத்தம் சேர்ந்தால் குழுவாகப் போய் பி.எச்.ஐ. ஐயாவிடம் சொல்லுங்கள்.

5. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை தரச் சட்டம் உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது யாரும் தரும் சலுகை அல்ல, உரிமை.

6. அவசரத்துக்கு 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். வண்டி லயம் வரை ஏறாது என்றால், நோயாளியை ரோட்டு வரை யார் தூக்கிவருவது, யார் போன் எடுப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். பிரசவ வலி நடுச்சாமத்தில் வந்தால் அப்போது ஆள் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தந்தைமார்களே! இதெல்லாம் பொம்பளைங்க விஷயம் என்று ஒதுங்க வேண்டாம். தண்ணீர் கொதிக்க விறகு வேண்டும்; கிளினிக் நாளில் மூத்த பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும்; நிர்வாகத்தோடு பேச உங்கள் குரலும் வேண்டும்.

உங்கள் லயத்தில் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை? இந்த மாதம் நிறை பார்க்காத பிள்ளை எது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் குழு வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வருகிற சம்பள நாளுக்கு முன்னால் ஒரு தடவை கூடிப் பேசுங்கள்.