மிதக்கும் தொட்டில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில் நியூ ஹாம்ப்ஷயர் என்னும் சிறு மாநிலம் உள்ளது. மலையும் காடும் ஏரியும் நிறைந்த அப்பகுதியில் குளிர்காலம் முழுவதும் நீர்நிலைகள் உறைந்து கிடக்கும். ஏப்ரல் திங்களில் பனிக்கட்டி உடைந்து நீர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும், கடலோரத்திலிருந்து பறந்துவந்து அந்நீரில் இறங்கும் பறவை ஒன்று உண்டு. லூன் என்பது அதன் பெயர். வாத்தை விடப் பெரியது. கரிய தலை, கரிய முதுகில் சதுரங்கப் பலகை போன்ற வெள்ளைக் கட்டங்கள், இரத்தச் சிவப்பான கண்கள். இரவு வேளையில் ஏரியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அது எழுப்பும் நீண்ட ஓலத்தைக் கேட்டவர் எளிதில் மறப்பதில்லை.

இப்பறவை கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பதற்கு அம்மாநிலத்து மக்கள் செய்துவரும் உதவியைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இவ்வுதவியின் பெரும்பகுதி அருகில் செல்லாமல் இருப்பதுதான் என்பது கேட்பவருக்கு வியப்பாக இருக்கலாம்.

முதலில் பறவையின் உடலமைப்பைப் பார்ப்போம். லூனின் கால்கள் உடலின் கடைக்கோடியில், வால் அருகே அமைந்துள்ளன. நீருக்குள் மூழ்கி மீனைத் துரத்த இதைவிடச் சிறந்த அமைப்பு வேறில்லை. ஆனால் தரையில் அது நடக்க இயலாது. மார்பால் உந்தித் தள்ளாடித்தான் நகரும். எனவே நீரை ஒட்டிய விளிம்பிலேயே கூடு அமைக்கவேண்டிய கட்டாயம் அதற்கு. புல்லையும் சேற்றையும் குவித்து, வழக்கமாக இரண்டு முட்டைகள் இடும். தாயும் தந்தையும் முறை வைத்து ஏறத்தாழ நான்கு வாரங்கள் அடைகாக்கும்.

நீர் விளிம்பில் கூடு என்றால் ஆபத்தும் விளிம்பிலேயே நிற்கிறது. அங்குள்ள ஏரிகள் பலவற்றில் நீர்மட்டத்தை அணையின் மதகுகளே தீர்மானிக்கின்றன. நீர் அரை அடி உயர்ந்தால் முட்டைகள் மூழ்கிவிடும். ஓரடி இறங்கினாலோ கூடு கரைமேல் ஒதுங்கி நிற்க, பறவை அதனிடம் ஏறிச் செல்லத் திணறும். போதாததற்கு ரக்கூன் என்னும் இரவுத் திருடனும், காகமும், வெண்தலைக் கழுகும் முட்டைக்காகக் காத்திருக்கின்றன. லூன் முதன்முறையாகக் குஞ்சு பொரிக்க ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். இரண்டு இணைகளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஒரு குஞ்சு பிழைத்து வளர்ந்தால்தான் இனம் குன்றாமல் நிற்கும் என்பது ஆய்வாளர் கணக்கு.

முற்காலத்தில் அங்குள்ளோர் இப்பறவையை விளையாட்டாகவும், மீனுக்குப் போட்டி என்று கருதியும் சுட்டு வீழ்த்தினர். பின்னர் ஏரிக்கரைகளில் கோடைக்கால வீடுகள் பெருகின. கூடுகட்ட இடம் குறைந்தது. 1975-ஆம் ஆண்டில் ஸ்குவாம் ஏரிப் பகுதியைச் சேர்ந்த ராசன் உட் என்பவரின் முயற்சியால் லூன் பாதுகாப்புக் குழு தோன்றியது. (1981-இல் வெளிவந்த 'ஆன் கோல்டன் பாண்ட்' என்னும் திரைப்படம் எடுக்கப்பட்டதும் இதே ஏரியில்தான்.) அன்று முதல் இன்றுவரை அம்மாநிலத்தில் லூன் இணைகளின் எண்ணிக்கை மும்மடங்கிற்கும் மேல் உயர்ந்துள்ளது.

குழுவினர் செய்யும் வேலைகளில் கண்ணுக்கு அழகானது மிதவைக் கூடு. கேதுரு வகையைச் சேர்ந்த இலேசான மரத்தடிகளைச் சதுரமாகப் பிணைத்து, அடியில் கம்பி வலை பொருத்தி, அதன்மேல் மண்ணும் புல்லும் பரப்புகிறார்கள். ஏரியின் அமைதியான ஒதுக்குப்புறத்தில் நங்கூரமிட்டு, கயிற்றைச் சற்றுத் தளர்வாக விட்டுவைப்பார்கள். நீர் ஏறினால் கூடும் ஏறும், இறங்கினால் கூடும் இறங்கும். ஒரு தொட்டில்தான்! கழுகின் கண்ணில் படாதிருக்க மேலே கூரை போன்ற மறைப்பும் வைப்பதுண்டு. இலையுதிர் காலத்தில் அதைக் கரைக்கு இழுத்துவிட வேண்டும். இல்லையேல் பனிக்கட்டி நொறுக்கிவிடும்.

ஆயினும் கேட்ட இடத்திலெல்லாம் அவர்கள் மிதவை வைத்துவிடுவதில்லை. ஓர் இணை இயற்கையான இடத்தில் சில ஆண்டுகள் தொடர்ந்து தோற்ற பிறகே அதற்கு முன்வருகிறார்கள். தன் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்து மகிழலாம் என்று மிதவை கேட்பவருக்கு மறுப்பே விடை. படகு செல்லும் வழியில் தவறாக வைத்த மிதவை, நல்ல இடத்தில் கூடு கட்டியிருக்கக்கூடிய பறவையைக் கெட்ட இடத்திற்கு அழைத்துவிடும் அன்றோ? எனவே மிதவையைக் காட்டிலும் அணையின் பொறுப்பாளர்களிடம் பேசி, அடைகாக்கும் வாரங்களில் மதகைத் திறந்து மூடாமல் நீர்மட்டத்தை நிலையாக வைக்கச் செய்வதையே அவர்கள் பெரிதும் விரும்புகிறார்கள். ஒரு மிதவை ஒரு கூட்டைக் காக்கும். ஒரு மதகு ஏரி முழுவதையும் காக்கும்.

கூட்டைச் சுற்றிச் சற்றுத் தொலைவில் கயிறு கட்டி, 'இதற்கு அப்பால் வரவேண்டாம்' என்று எழுதிய மிதக்கும் பலகைகளையும் நிறுத்துகிறார்கள். இது ஏன் தேவை? அடைகாக்கும் லூன் ஆள் நெருங்குவதைக் கண்டால் கழுத்தை நீட்டித் தலையைக் கூட்டின் விளிம்புக்கு வெளியே தாழ்த்திப் படுத்துக்கொள்ளும். அறியாதவர்கள், "ஐயோ, பறவைக்கு நோய் போலிருக்கிறது" என்று இரக்கப்பட்டு இன்னும் அருகில் படகைச் செலுத்துவார்கள். பறவை அஞ்சி நீரில் குதித்துவிட்டால் முட்டைகள் வெயிலுக்கும் குளிருக்கும் காகத்திற்கும் இரையாகும். குஞ்சு பொரித்த பின்னரும் இதே கதைதான். பெற்றோர் பறவை நீரின்மேல் செங்குத்தாக எழுந்து சிறகடித்துத் தத்தளிக்கும். படகிலிருப்போர் அதை நடனம் என்று எண்ணிக் கைதட்டிப் படம் பிடிப்பார்கள். உண்மையில் அது, தன் குஞ்சுகளை விட்டு விலகச் சொல்லும் கூக்குரல். அன்பு மிகுந்தவரே சில வேளை அதிகத் தீங்கு செய்துவிடுகிறார் என்பது வருந்தத்தக்கது.

இதனினும் கொடியது ஈயம். தூண்டில் கயிற்றில் கட்டும் சிறு ஈயக்குண்டுதான் நியூ ஹாம்ப்ஷயரில் வளர்ந்த லூன்களின் சாவுக்குக் காரணமென்று கண்டறியப்பட்டவற்றுள் முதலிடம் பெறுவது. உணவை அரைப்பதற்காக லூன் சிறு கூழாங்கற்களை விழுங்கித் தன் அரைவைப்பையில் வைத்திருக்கும். ஈயக்குண்டை விழுங்கிய மீனைத் தின்றால், அக்குண்டும் அக்கற்களோடு சேர்ந்து அரைபட்டு, அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. ஒரே ஒரு குண்டு போதும். சில வாரங்களில் பறவை மடியும். 2000-ஆம் ஆண்டிலிருந்து ஏரிகளில் இத்தகைய சிறு ஈயக்குண்டுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2016-இல் விற்பனைக்கும் தடை வந்தது. ஆனால் தாத்தாவின் தூண்டில் பெட்டியில் கிடக்கும் பழைய குண்டுகளைச் சட்டம் எட்டிப் பிடிக்குமா? ஆகவே ஈயத்தைக் கொண்டுவந்து கொடுப்போருக்குக் கடைகளில் வேறு பொருள் வாங்கச் சீட்டு வழங்கும் ஏற்பாட்டைக் குழுவினர் செய்துள்ளனர்.

ஸ்குவாம் ஏரியே ஒருமுறை இவர்களைத் திடுக்கிட வைத்தது. 2004-க்கும் 2005-க்கும் இடையில் அங்கிருந்த வளர்ந்த லூன்களில் ஐந்தில் இரண்டு பங்கிற்கும் மேல் காணாமற்போயின. பொரியாமல் போன முட்டைகளைச் சோதித்தபோது, 1972-இலேயே அந்நாட்டில் தடை செய்யப்பட்ட டி.டி.டி. உள்ளிட்ட நச்சுப் பொருள்கள் தென்பட்டன.

ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை மாநிலத்தின் ஏரிகளில் லூன் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஒரே பறவையை இருமுறை எண்ணாமலிருக்க எல்லோரும் ஒரே நேரத்தில் எண்ணவேண்டும். பெற்றோரும் பிள்ளைகளுமாகப் பலர் தொலைநோக்கியுடன் காத்திருப்பார்கள். தாயின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் குஞ்சுகளைக் காண்பது அப்பொழுதுதான்.

இலையுதிர் காலத்தில் பெரியவை முன்னே கடலுக்குப் போய்விடும். குஞ்சுகள் சில வாரம் தனித்திருந்து, வழிகாட்டுவார் இன்றியே பின்னர் பறந்து செல்லும். லூன் எழும்புவதற்கு நீர்ப்பரப்பில் நெடுந்தூரம் ஓடவேண்டும். தாமதித்த பறவையைச் சுற்றிப் பனிக்கட்டி இறுகிவிட்டால் அது சிறைப்பட்டதுதான். அத்தகைய சனவரி நாட்களில் மட்டும் குழுவினர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்கிறார்கள். கோடை முழுவதும் யாரையும் நெருங்கவிடாதவர்கள், அப்போது வலையும் கயிறும் ஏந்தி, கால்வைத்தால் உடையுமோ என்று பனிக்கட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே பறவையிடம் செல்கிறார்கள்.