எண்ணூர்க் கழியின் கண்டற் காடுகள்

நார்வே, கலிபோர்னியா முதலிய குளிர்ந்த கடற்கரைகளில் கெல்ப் என்னும் பெரும் பாசி நீருக்குள்ளேயே காடாக வளர்ந்து மீன்களுக்குப் புகலிடமளிக்கின்றது. நம் வெப்பக் கடலில் அது வளர்வதில்லை. சென்னைக்கு வடக்கே அவ்வேலையைச் செய்வன கழிச் சேற்றில் நிற்கும் கண்டல் மரங்களேயாம். சாத்தாங்காடு, மணலி, சடையங்குப்பம் முதலிய இடங்களின் வெள்ளம் பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்றிலும் சேர்ந்து கடலுக்குச் செல்லும் எண்ணூர்க் கழியில் இவை இன்றும் ஆங்காங்கே காணப்படுகின்றன.

இங்கு மிகுதியாயுள்ளது வெண்கண்டல். சேற்றில் காற்றோட்டம் இல்லாமையால் இம்மரம் வேரினின்றும் விரற்கடைப் பருமனில் குச்சிகளை மேல்நோக்கி விட்டு, அவற்றின் நுண்துளைகளால் சுவாசிக்கின்றது. உட்கொண்ட உப்பை இலை வழியே கக்கிவிடும். இலையை நக்கினால் கரிப்பது இதனாலேயே. உதிர்ந்த இலைகள் சேற்றில் மக்கி நண்டுக்கும் இறாலுக்கும் இரையாகின்றன. வேர்களினிடையே இறாற்குஞ்சுகள் பெரிய மீன்களுக்குத் தப்பி வளர்கின்றன. அலையின் வேகமும் வேர்களால் தணிந்து கரை அரிப்புக் குறைகின்றது. ஆடுமாடுகளும் இவ்விலையை விரும்பித் தின்னும். இளங்கன்றுகள் அழிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மரத்தை வெட்டுவதொன்றே கேடு என்று எண்ணுவது தவறு. நீரோட்டம் நின்றாலும் கண்டல் மடியும். சிதம்பரத்தையடுத்த பிச்சாவரத்தில் முற்காலத்தில் தொகுதி தொகுதியாக மரம் வெட்டப்பட்டபோது, வெயில்பட்ட சேறு உலர்ந்து தாழ்ந்தது. அப்பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்றி வற்றி உப்பு மிகுந்து, பின்னர்க் கன்று எதுவும் முளைக்கவில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழி செய்த பின்னரே காடு மீண்டது.

எண்ணூரிலும் நோய் அதுவே. காரணம் மட்டும் வேறு. வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பற் குழாய்கள் பல்லாண்டுகளாகக் கசிந்து கழியின் ஒரு பகுதியைத் தூர்த்துவிட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழியெங்கும் பரவி, கண்டலின் அடிமரத்திலும் மூச்சு வேர்களிலும் கருமையாகப் படிந்தது. எண்ணெய் அடைத்த வேர் சுவாசியாது. இத்தகைய சேற்றைத் துப்புரவு செய்யாமலும், தூர்ந்த வாய்க்காலைத் திறவாமலும் எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் செலவே மிஞ்சும்.

வாய்க்காலைத் திறப்பதில் நிலமுடையோருக்கும் நேரடியான லாபம் உண்டு. கழியின் வாய் தூர்ந்தால் பூண்டியினின்று திறந்துவிடும் உபரிநீர் கடலை அடையத் தாமதித்து வயல்களிலும் வீடுகளிலும் தேங்குகின்றது. ஆனால் கண்டல் வைத்தால் கிணற்று உப்பும் நீங்குமென்று நம்புதல் வேண்டா. மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் உவர்த்தது, நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தமையாலாகும். அதற்குப் பரிகாரம் இறைப்பைக் குறைத்து, ஏரிகளில் நீர் தேக்குவதே.

கிராம நிர்வாக அதிகாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழிப் புறம்போக்கு கணக்கில் வெறும் தரிசு போலத் தோன்றினும், 2019-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி கண்டல் நிற்கும் இடம் மிகுந்த பாதுகாப்புக்குரிய வகுப்பைச் சேர்ந்தது. சர்க்கார் நிலத்தில் அக்காடு 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால், சுற்றிலும் 50 மீட்டர் அகலமுள்ள நிலமும் அவ்வகுப்பில் அடங்கும். ஆதலின் அத்தகைய இடத்தில் மண் கொட்டுதலோ, வரப்பிட்டு ஓதத்தை மறித்தலோ கண்டால், புல எண்ணைக் குறித்து உடனே தாசில்தாருக்கும் வனச்சரக அலுவலருக்கும் எழுதுதல் அவசியம். வரப்பை அடுத்த ஓதத்திற்குள் வெட்டிவிட்டால் மரங்கள் பிழைக்கும். ஒரு கோடை கடந்துவிட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை.